பரபக்கம் ஓதல் வேண்டுமோ?

திருச்சிற்றம்பலம்

சிவஞானசித்தியார் என்னும் நூல் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாய் நிற்றல் சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. பரபக்கம் 301 திருவிருத்தங்களும், சுபக்கம் 328 திருவிருத்தங்களும் உடையன. நூலின் ஏறக்குறையச் செம்பாதி பிறர் கொள்கையைக் கூறி மறுத்தற்கே வகுக்கப்பட்டது. ஆயினும், இந்நாளிற் சித்தாந்தம் பயில்வாருட் பலர் சுபக்கத்தினின்றே தொடங்கிச் சுபக்கத்தோடு முடிப்பர். பரபக்கத்தை விரித்தும் பாரார். ஏனென வினவின், அவர் கூறும் விடை இருதிறப்படும். ஒருசாரார், "கடவுள் ஒருவரே, நெறிகள் யாவும் அவரிடத்தே சென்று சேர்வன, பிறர் மதத்தைக் கடிந்துரைக்கும் பகுதியை ஓதுதல் அன்புநெறிக்கு ஆகாது" என்பர். மற்றொருசாரார், "எம் மதமே மெய், பிற பொய்யென்பது முடிந்த முடிபு, பொய்யைக் கற்றுப் பொழுது கழிப்பதெற்றுக்கு?" என்பர். முன்னையோர் அன்பின் பெயரானும், பின்னையோர் பற்றின் பெயரானும் ஒரே ஏட்டைக் கட்டிவைக்கின்றனர். இவ்விருவர் கூற்றும் பொருந்தாவென்பதும், பரபக்கம் ஓதாதார் கொண்ட சித்தாந்தம் ஒரு படி குறைந்து நிற்குமென்பதும், அப்பரபக்கத்துக்குத்தானும் உள்ள வரம்பு இதுவென்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண், மெய்ந்நம்பிக்கை யாதென நோக்குவாம். "யான் சிவபெருமானை நம்புகின்றேன்" என்று ஒருவன் கூறுவானாயின், அந்நம்பிக்கை பிறந்த வாயில் மூன்றனுள் ஒன்றாதல் கூடும். பெற்றோர் கூறக் கேட்டு, ஐயமே தோன்றாமையின் நிலைத்திருப்பது ஒன்று. ஐயந் தோன்றியவழி அதனை அஞ்சி உள்ளே அடக்கிக்கொண்டமையின் நிலைத்திருப்பது ஒன்று. ஐயத்தை எதிர்நின்று நோக்கி, அதன் வலியெல்லாங் கண்டு, கடந்து நிலைத்தது ஒன்று. மூவர் நெற்றியிலும் விளங்கும் திருநீறு ஒன்றே. எனினும், வன்காற்று வீசும் ஒருநாளில் மூவர் நிலையும் வெவ்வேறாதல் காணப்படும்.

ஞானநெறிக்கு அருணந்தி சிவாசாரியார் வகுக்கும் படிகள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கு. கேட்டற்கும் தெளிதற்கும் இடையே சிந்தித்தல் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. சிந்தித்தலாவது, கேட்ட பொருளின்மேல் வரத்தக்க தடைகளைத் தானே எழுப்பி, விடை காணுமளவும் அவற்றோடு நிற்றல். அத்தடைகளை நிரல்பட எடுத்துக்கொடுப்பது பரபக்கம். அதனை விலக்கியவழிச் சிந்தித்தலுக்கு உரிய பொருள் பெரும்பாலும் இல்லாதொழியும். கேட்டலினின்று தெளிதற்குத் தாவியவன், தான் கேட்டதனையே உரத்த குரலில் மீளக் கூறுவானாவன். ஐயமும் திரிபும் நீங்கிய உணர்வே அளவையாம் என்பது நம் நூற்றுணிபு. ஐயத்தைச் சந்தியாதவன் அதனை நீக்கினானென்பது யாங்ஙனம்?

முதனூலாகிய சிவஞானபோதமே இதற்குத் தக்க சான்றாம். பன்னிரண்டு சூத்திரங்களான் இயன்ற அந்நூலை மெய்கண்டதேவர் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையானே நிறுவிச் செல்கின்றார். கடவுள் உண்டென்பதனை அவர் வெற்றாணையாற் கூறிவிட்டிலர். ஆணும் பெண்ணும் அஃறிணையுமாய்ச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலைக் காட்டி, ஒடுங்கியதனை மீளத் தோற்றுவிப்பான் ஒருவன் வேண்டுமெனக் கருதலளவையான் நிறுத்துகின்றார். மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மை கூறப்புகுந்தவிடத்து அவர் எடுக்கும் முதல் ஏது பெரிதும் வியக்கத்தக்கது. உடம்பு முதலியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, "இஃது உயிரன்று, இதுவும் உயிரன்று, ஆகலின் உயிரென ஒன்றில்லை" என ஒருவன் முடிப்பானாயின், அங்ஙனம் இல்லையென்று உணர்ந்து கூறியதொன்று உண்டன்றோ, அதுவே உயிர் என்கின்றார். மறுத்தவனை அவையினின்று போக்காது, அவன் மறுப்பையே தமக்குச் சான்றாக இருத்திக்கொண்டமை காண்க. மறுப்பான் ஒருவன் இலனேல் அவ்வேதுவும் இல்லை.

இனி, அருணந்தி சிவாசாரியாரோ தாமே எதிர்நின்று வினவ வந்தவர். சகலாகம பண்டிதரெனப் புகழ்பெற்ற அப்பெரியார், திருவெண்ணெய்நல்லூரில் இளம்பிள்ளையாய் இருந்த மெய்கண்டதேவரை அணுகி ஆணவமலத்தின் இயல்பு யாதென வினவ, பிள்ளையார் வினவிய அவரையே சுட்டிக்காட்டினாரென்பது வரலாறு. சோதிக்க வந்த முதியவர் அடியவராய் அமைந்தார். தம் வயதும் கல்வியும் ஒரு பிள்ளையின்முன் பயன்படாமற் போன நிலையை அறிந்தவர் ஆகலின், வாதத்தில் எதிர்நிற்பான் உள்ளம் எத்தகையதென்பது அவர்க்குத் தெரியும். பரபக்கத்தின் அமைதிக்கு இவ்வறிவே அடிப்படையென்பது எமது கருத்து.

அதன் அமைதியாவது யாதெனின், கூறுதும். உலகாயதன், பௌத்தர் நால்வர், நிகண்டவாதி, ஆசீவகன், பட்டாசாரியன், பிரபாகரன், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியன், நிரீச்சுர சாங்கியன், பாஞ்சராத்திரி என 14 திறத்தார் அதன்கண் வருகின்றனர். ஒவ்வொருவர்க்கும் அவரவர் மதம் முன்னும், அதன் மறுதலை பின்னுமாக வைக்கப்பட்டுள்ளன. காட்சியொன்றே அளவை, பூதம் நான்கே உள்பொருள், அவற்றின் கூட்டத்திற் பிறந்த அறிவு அக்கூட்டம் கலைந்தவழி அழியும், மறுமையை நம்பி இம்மையின்பம் விடுவார் பேதையர் எனத் தன் கொள்கை முழுதும் உலகாயதன் அச்சமின்றி உரைக்கின்றான். ஆசிரியர் அவன் சொல்லை இடைமறித்திலர். அவன் கூற்றை நைந்ததாக்கித் தம் வெற்றியை எளிதாக்கிக்கொண்டதும் இல்லை.

யாம் மடத்துப் பாடசாலையிற் பயின்ற காலத்து, பரபக்கம் தொடங்குங்கால் எம் ஆசிரியர் மாணாக்கருள் ஒருவனை உலகாயதனாக நிறுத்துவார். அவன் தன் பக்கத்தைத் தான் மெய்யாகவே அம்மதத்தான் போலப் பேசுதல் வேண்டும். அவன் தளர்ந்து பேசினால், மறுதலைப் பாடல் அன்று தொடங்கப்படாது; மறுநாளும் அவனே உலகாயதனாக நிற்பான். "மெலிந்தவனை வீழ்த்தி என்ன பெறுவீர்?" என்பார். அந்நாளில் அது கடுமையாகத் தோன்றிற்று. பின்னர் ஆண்டுகள் பல கற்பித்து ஓய்ந்த எமக்கு, அதுவே அந்நூலின் உட்கிடையென விளங்குகின்றது.

எதிரியின் கூற்றை அவன் வாய்மொழியாகவே எடுத்தோதும் இம்முறை தமிழ்நாட்டுச் சமயநூல்கட்கெல்லாம் பொதுவானது. மணிமேகலையில் வஞ்சிநகரத்துச் சமயக்கணக்கர் தத்தம் திறங் கூறக் காண்கின்றோம். அவருட் சைவவாதியும் ஒருவன். சமணநூலாகிய நீலகேசி, பௌத்தநூலாகிய குண்டலகேசியை மறுத்தற்கு எழுந்தது. குண்டலகேசி இன்று முழுநூலாய்க் கிடைத்திலது. அதனைப்பற்றி நாம் அறியும் செய்திகள் பல, அதனை மறுத்த நீலகேசியானும், அந்நீலகேசிக்கு எழுந்த சமயதிவாகர உரையானும் வந்தன. ஆசீவகர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவர்தம் சமயநூல் ஒன்றேனும் எஞ்சிற்றிலது. 1951-ஆம் ஆண்டில் அம்மதத்தின் வரலாற்றை விரித்தெழுதிய பாஷம் என்னும் ஆங்கில அறிஞர், மணிமேகலை, நீலகேசி, சிவஞானசித்தியார் என்னும் தமிழ்நூல்களைத் தமக்குச் சான்றாகக் கொண்டார். ஆசீவகன் சொல்லைக் காக்க ஆசீவகர் எஞ்சவில்லை; அவனை மறுத்தார் ஏட்டில் அச்சொல் பிழைத்திருக்கின்றது. பரபக்கம் பழிப்புரையே என்பார் இதனைச் சிந்திப்பாராக. பழிக்கவே எண்ணினான் ஒருவன் பழிக்கப்படுவானது சொல்லை இத்துணைப் பேணான்.

அற்றேல், முன்னையோர் கூறிய அன்புநெறி என்னாமெனின், அதற்கும் அருணந்தி சிவாசாரியாரே விடை பகர்கின்றார். எவர் எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்று அத்தெய்வமாய் வந்து பயனளிப்பவன் உமையொரு பாகனே என்னுங் கருத்தைச் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அவர் வைத்துள்ளார். சமரசம் பேசுவார் பலர் இக்கருத்தை மேடைதோறும் எடுத்தாளுகின்றனர். ஆயின் அதனோடு இயைத்து ஆசிரியர் கூறுங் காரணத்தை விட்டுவிடுகின்றனர். பிற தெய்வங்கள் பிறப்பும் இறப்பும் துன்பமும் உடையன. அவை இல்லாத ஒருவனே பயனை அறிந்து கொடுக்க வல்லான் என்பது அக்காரணம். ஆகவே அப்பாடல் எல்லாக் கொள்கையும் ஒன்றென்று கூறிற்றில்லை. வழிபாட்டை ஏற்பது இறைவன் கருணை. கொள்கையை ஆராய்வது நம் கடன். வழிபடுவான் கொண்ட கொள்கை பிழைபட்டதாயினும் அவன் அன்பு பழுதாவதில்லை. அவன் அன்பு பழுதாகாமை பற்றி அவன் கொள்கையும் மெய்யென்றாகாது. இவ்விரண்டையும் வேறுபிரித்து உணர்ந்தமையானே, 301 பாடல்களான் மறுத்த அதே ஆசிரியர் இங்ஙனமும் பாட இயன்றது. மறுக்கப்பட்டவன் இழிந்தவன் என்று அவர் எண்ணியிருப்பாராயின் இப்பாடல் தோன்றியிராது. எல்லாம் ஒன்றென்று எண்ணியிருப்பாராயின் அம்மறுப்பு தோன்றியிராது.

பெரியபுராணமும் இதனையே காட்டுகின்றது. சாக்கிய நாயனார் மெய்ப்பொருள் தேடிக் காஞ்சியிற் பௌத்தநூல் பயின்று, ஆராய்ந்து, சிவநெறியே மெய்யெனத் துணிந்தபின்னும் தாங்கிய வேடத்தை மாற்றாமலே சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபட்டார். நாவுக்கரசர் சமணருள் தருமசேனராய் இருந்து மீண்டவர். இவ்விருவரும் பரபக்கத்தை ஏட்டில் ஓதினாரல்லர். அதனுள் வாழ்ந்து வந்தவர். பிறநெறி பயின்றாரென்று திருத்தொண்டர் நிரலில் அவர்க்கு ஒரு குறைவும் வைக்கப்படவில்லை.

இனி, "எம் மதமே மெய்" என்று அமைதி கொள்ளும் பின்னையோரை நோக்குவாம். அவர்க்கு உமாபதி சிவாசாரியார் 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணம் நல்ல மருந்தாகும். மாயாவாதம், ஐக்கியவாதம், பாடாணவாதம், பேதவாதம், சிவசமவாதம், சங்கிராந்தவாதம், ஈசுவர அவிகாரவாதம், நிமித்தகாரண பரிணாமவாதம், சைவவாதம் என ஒன்பது கொள்கைகள் அதன்கண் வருகின்றன. ஒருவன் கூற்றை அடுத்தவன் மறுப்பான். அவன் கூற்றை அவனுக்கு அடுத்தவன் மறுப்பான். இறுதியில் நின்றவனைச் சித்தாந்தி மறுப்பான். இவ்வமைப்பில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஒவ்வொருவனும் தனக்கு முன்னவன் குற்றத்தைச் செம்மையாகக் காண்கின்றான். தன் குற்றத்தைக் காட்டப் பின்னொருவன் வரவேண்டியிருக்கின்றது. இவருட் பெரும்பாலார் திருநீறணிந்த சைவரே என்பதும் மறக்கற்பாலதன்று. சிவன் என்னும் பெயரில் உடன்பட்டார் எல்லாரும் சிவன் இயல்பில் உடன்பட்டாராகார். சித்தாந்திக்குப் பின் நின்று அவனை மறுப்பார் அந்நூலில் எவரும் இலர். வெறிதாய்க் கிடக்கும் அவ்விடத்தை நம் வெற்றிக்கு அடையாளமெனக் கொண்டு உறங்குதல் தகாது. அவ்விடத்தில் நாமே நின்று நம்மை வினவுதல் வேண்டும்.

அங்ஙனம் வினவியதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் உரையாசிரியரிடையே உளது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்து சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர் 17-ஆம் நூற்றாண்டில் விளங்கியவர், ஆகமக்கடல் நீந்தியவர், சுபக்கத்துக்கு உரை கண்டவர். அவ்வுரை சிவசமவாதக் கருத்துப் பொதிந்ததெனத் துணிந்து, திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் சிவசமவாத உரை மறுப்பு என்னும் நூலெழுதினார். இவர் 1785-இற் சிவபரிபூரணம் எய்தியவர். இருவரும் சைவர், இருவர்க்கும் ஆகமம் பிரமாணம், பதி, பசு, பாசம் மூன்றும் இருவர்க்கும் உடன்பாடு. வழக்கு எதன்மேற்று எனின், மலம் நீங்கிய உயிர் சிவனோடு ஒத்ததோ, சிவனைச் சார்ந்ததோ என்பதன்மேற்று.

சமவாதி கூற்றை அதன் வலி குறையாமற் கூறுதும். "உயிர் இயல்பிலேயே அறிவும் செயலும் உடையது. மலம் மறைத்தமையின் அவை சுருங்கின. மறைப்பு முற்றும் நீங்கினால் அவை நிறைந்து விளங்கும். நிறைந்த அறிவு ஓரிடத்தினும் நிறைந்த அறிவு மற்றோரிடத்தினும் இருப்ப, அவற்றுள் உயர்வு தாழ்வு எவ்வாறு கூடும்? தாழ்வு உண்டெனின் மறைப்பில் ஏதோ எஞ்சிற்றென்பது பெறப்படும். எஞ்சிய மறைப்போடு கூடியதனை வீடென்பது என்னை?" இவ்வினா எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. முதன்முறை கேட்பார் பலர் இதற்கு உடன்படுவர்.

சித்தாந்தி விடை வருமாறு. உயிரறிவு அறிவிக்க அறிவது. கண்ணிற் படர்ந்த படலத்தை உரித்துவிட்டவழியும், கண் ஞாயிற்றின் ஒளியாலேயே காணும். படலம் நீங்கினமையாற் கண் ஞாயிறாகிவிடாது. ஒளியை வேண்டி நிற்றல் கண்ணுக்கு நோயாகாது, அதன் இயல்பேயாம். அதுபோலச் சார்ந்து நிற்றல் உயிரின் இயல்பு. அதனை மலத்தின் எச்சமென்பது இயல்பையும் நோயையும் ஒன்றெனக் கொண்டதனால் வந்த பிழை. இவ்வளவில் தருக்கம் முடிந்தது. ஆயின் இதனால் விளைவது யாதென்பதனையும் நோக்குதல் வேண்டும். சமவாதி கூறும் வீட்டில் உயிர் தன் நிறைவைத் தானே பெற்றது. இறைவன் உதவி முன்னே முடிந்துபோயிற்று. கடனிறுத்தான் ஒருவன் கடன் தந்தான் வாயிலில் நிற்கும் காரணம் யாது? சித்தாந்தி கூறும் வீட்டிலோ, துய்ப்பு முழுதும் உயிர்க்குரியதாகவும், அதனைத் துய்ப்பிக்கும் அருள் ஒருகாலும் ஒழியாததாகவும் உளது. ஆகலின் அன்புக்கு ஆண்டும் இடமுண்டு. மலம் நீங்கிய சீவன்முத்தரும் அடியாரையும் திருக்கோயிலையும் வழிபடுவரெனப் பன்னிரண்டாஞ் சூத்திரம் கூறியதன் கருத்து இதனால் இனிது விளங்கும். வழிபாட்டை முத்தியளவும் கொண்டுசெல்வதோ, முத்தியின் வாயிலில் விட்டுவிடுவதோ என்னும் பெரியதொரு வழக்கு அச்சிறுவினாவினுள் அடங்கிக் கிடந்தது. சுபக்கத்து அறுவருரையில் இவ்விருவர் உரைகளும் உடன் வைக்கப்பட்டுள்ளன. மறுக்கப்பட்ட உரையை அழித்துவிடாது மறுத்தவர் உரையோடு உடன்வைத்த பெருந்தன்மை போற்றற்பாலது. இரண்டனையும் ஓதினார்க்கே சிவஞான முனிவர் கூறியதன் அருமை புலனாகும்.

ஈண்டு ஒரு குறையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. கண்டனநூல் எழுதினோர் சொல்லில் வெம்மை மிகுதியும் உண்டு. இலக்கண விளக்கச் சூறாவளி என நூற்பெயரே அதனைப் புலப்படுத்தும். பின்வந்தோர் பலர் அவ்வெம்மையைப் பின்பற்றினர். தருக்கத்தின் நுண்மையைப் பின்பற்றினாரல்லர். 1854-இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்ட ஆறுமுக நாவலர், அதற்கு முன்னரே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்புக்கு உதவியவர். தாம் மறுக்கும் சமயத்தின் வேதநூலை வரிவரியாய் அறிந்து, அதனின்றே எடுத்துக்காட்டி விடையிறுத்தார். அது பரபக்க மரபு. ஆயின் இராமலிங்க அடிகள் பாடல்களுக்கு அருட்பா என்னும் பெயர் உரியதோ என்பதுபற்றி எழுந்த பூசல், 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. ஒருவரை ஒருவர் இழித்துரைத்தனரோ என்பதனை நீதிமன்றம் ஆராயலாம். ஒரு பாடல் அருளாற் பிறந்ததோ என்பதனை எந்நீதிபதி ஆராய்வார்? அடிகள் 1874-இலும் நாவலர் 1879-இலும் மறைந்தபின்னும் அப்பூசல் தொடர்ந்தது. கதிரைவேற்பிள்ளை அவர்கள் ஒரு பக்கத்தும், இசுலாமியராகிய செய்குதம்பிப் பாவலர் அவர்கள் அருட்பாவின் பக்கத்தும் நின்று வாதிட்டனர். பிறசமயத்தார் ஒருவர் நம் பாடலின் அருமைக்குப் பரிந்து நின்றமை, வேடங்கொண்டு மெய்ந்நம்பிக்கையை அளக்கலாகாதென்பதனை மீண்டும் நமக்குக் கற்பிக்கின்றது.

இனிப் பரபக்கத்தின் வரம்பு கூறுதும். அந்நூல் 13-ஆம் நூற்றாண்டின் அவையைக் காட்டுவது. நியாய வைசேடிகர்க்கு அதில் தனியிடம் இல்லை. இசுலாமும் கிறித்தவமும் அதில் வரவில்லை. அதன்கண் வரும் உலகாயதன் பூதக்கூட்டத்தைக் காட்டினான். இக்காலத்து உலகாயதனோ மூளையைக் காட்டுகின்றான். மூளையின் ஒருபகுதி பழுதுறின் சொல் மறைதலையும், மற்றொருபகுதி பழுதுறின் நினைவு மறைதலையும் எடுத்துக்காட்டி, அறிவு அதன் தொழிலே என்கின்றான். கருவி கெட்டமையால் வினைமுதல் இல்லையென்றாகாது என்பது நம் விடை. "வினைமுதலைக் கருவியின்றித் தனியே யாண்டுக் கண்டீர்?" என அவன் மீளவும் வினவுவான். அவ்வினாவுக்கு முன் பழைய மறுதலைப் பாடலை ஒப்பித்து அமைதல் ஆசிரியர்க்குச் செய்யும் நன்றியாகாது. அவர் தம் காலத்தவனைக் கேட்டதுபோல நாம் நம் காலத்தவனைக் கேட்டல் வேண்டும். எதிரி தன் நிலையை மாற்றிக்கொண்டபின்னும் அவன் விட்டுச்சென்ற இடத்திலே வாள்வீசுதல் வீரமாகாது. பழையன எல்லாம் நல்லன ஆகா, புதியன எல்லாம் தீயன ஆகா என்னுங் கருத்தை உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசத்து அவையடக்கத்தில் வைத்தமையும் ஈண்டு நினையற்பாலது.

"அங்ஙனமாயின் கண்ணப்பர் எப்பரபக்கம் ஓதினார்? எழுத்தறியா அடியவர் நம்பிக்கை மெய்யன்றோ?" எனின், நன்று வினவினாய். ஆறுநாளில் அன்பு முதிர்ந்து கண்ணிடந்து அப்பினார்க்கு வாதம் வேண்டுவதில்லை. அவர் பிறர் நம்பிக்கையைக் குறித்து ஒரு சொல்லும் உரைத்திலர். பரபக்கம் ஓதல் வீடுபேற்றிற்கு இன்றியமையாததென யாம் கூறவில்லை. பிறர் கொள்கையைப் பொய்யென்றோ, நம் கொள்கையோடு ஒன்றென்றோ வாய்திறந்து கூறுவார்க்கு அஃது இன்றியமையாதது. மறுப்பதற்கு மாத்திரமன்றி உடன்படுதற்கும் அறிவு வேண்டும். அறியாது மறுத்தல் பகையாகும். அறியாது உடன்படல் சோம்பலுக்கு இட்ட நற்பெயராகும்.

முடிவாக ஒன்று. சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரம், சுட்டியறியப்படுவதெல்லாம் அழிபொருள் எனவும், எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருள் எனவும், இவ்விரண்டின் வேறாய் நிற்பதே சிவம் எனவும் உணர்த்துகின்றது. அற்றாகலின், எவ்வளவு கூரிய வாதமும் இறைவனைப் பிடித்து அவையின் நடுவே நிறுத்தவல்லதன்று. வாதத்தால் ஆவது படலம் உரித்தல், காணச்செய்வது திருவருள். இதனை உணர்ந்தவன் வாதத்தை வெறுக்கவும் மாட்டான், அதனாற் செருக்கவும் மாட்டான். தன் கண்ணிலும் படலம் இருத்தல் கூடுமென்னும் அச்சத்தோடு பிறன் சொல்லைக் கேட்பான். சித்தாந்த வகுப்பு நடத்தும் அன்பர்கள், சுபக்கம் தொடங்குமுன் பரபக்கத்துள் ஒரு மதத்தையேனும் முழுதும் ஓதுவித்து, அம்மதத்தானாக ஒருவரை நிறுத்திப் பேசவைப்பாராக. அவர் தளராது பேசட்டும். அவரைக் கேட்டு முடித்தபின் நம் வாயில் எழும் சிவநாமத்துக்கு ஒரு புதிய உறுதி உண்டாதலை அவ்வன்பர்களே காண்பர்.

மெய்கண்டதேவர் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்